வண்டுக்கும் ஒரு வீடு வேணும்!



நம் பள்ளித் தோட்டத்து அவரைப் பந்தல் மூங்கிலில் வட்டமாக ஒரு ஓட்டை இருந்தது. அதற்குள் ஒரு கருவண்டு போய் வந்துகொண்டிருந்தது. "டேய், கொட்டிடும்டா!" என்று கத்திவிட்டு, களிமண்ணை உருட்டி அந்த ஓட்டையை அடைத்தது யார் தெரியுமா? நான்தான்.

மறுநாள் அந்த வண்டு வாசலைத் தேடி அதே இடத்தில் சுத்திச் சுத்தி வந்தது. பாவமாகப் போச்சு. அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். "அது வண்டு இல்லடா, அதுவும் ஒரு தேனீதான்" என்றார்கள். வெட்கமாகிவிட்டது.

உலகத்தில் ஏறக்குறைய 20,000 வகைத் தேனீக்கள் உண்டாம். அதில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாது, தேனடையும் கட்டாது. தாய் தனியாகவே கூடு செய்து, மகரந்தத்தை உருட்டி வைத்து, அதன்மேல் முட்டையிடும். அப்படி ஒரு தாய் செய்த வீட்டைத்தான் நான் அடைத்துவிட்டேன்.

கத்தரிப்பூவில் மகரந்தம் பைக்குள் இருக்கும். பை நுனியில் சின்ன ஓட்டைதான். கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு 'உர்ர்ர்'ரென்று உடம்பை அதிரவிட்டால் மகரந்தம் கொட்டும். தேன்கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது! அப்படியென்றால் நம் சத்துணவு சாம்பாரில் மிதக்கும் கத்தரிக்காயில் கருவண்டுக்கும் பங்கு உண்டுதானே?

"கொட்டாதா?" என்று கேட்பீர்கள. ஆண் வண்டுக்குக் கொடுக்கே கிடையாது. பெண் வண்டும் கையில் பிடித்து நசுக்கினால்தான் கொட்டும். ஆனால் பெரிய மரத்திலும் கட்டடத்திலும் தொங்கும் மலைத்தேனீக் கூட்டின் பக்கம் மட்டும் போகவே கூடாது. அது வேறு.

"பந்தல் வீணாகுமே?" என்பதும் நியாயம்தான். அதற்குத்தான் தனி வீடு கட்டச் சொல்கிறேன். பைசா செலவில்லை.

காய்ந்த மூங்கிலை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கணும். ஒரு பக்கம் கணு அடைத்திருக்கணும், மறுபக்கம் திறந்திருக்கணும். சுண்டுவிரல் நுழையும் ஓட்டையும் வேணும், பென்சில் நுழையும் ஓட்டையும் வேணும். ரோஜா இலையை வட்டமாக வெட்டிப்போகும் இலைவெட்டித் தேனீ சின்ன ஓட்டையில் குடியேறும். பத்துப் பதினைந்து துண்டுகளைச் சணலால் இறுக்கிக் கட்டி, காலை வெயில் படும், மழைச்சாரல் படாத இடத்தில், ஆடாமல் வைக்கணும். வாய் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் தண்ணீர் நிற்காது. தேனீக்கள் வெளியேறிய பழைய துண்டை மாற்றிவிட்டால் பூஞ்சை சேராது.

இன்னொன்று. நிறைய தேனீக்கள் மண்ணைத் தோண்டித்தான் கூடு கட்டும். அதனால் வேலியோரம் நாலடி இடத்தைக் கொத்தாமல், சருகைப் போட்டுக் கொளுத்தாமல், சும்மா விட்டுவைக்க வேண்டும் என்று தோட்டப் பொறுப்பாசிரியரைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அன்று சாயங்காலமே களிமண்ணைத் தோண்டி எடுத்துவிட்டேன். அந்தக் கருவண்டு திரும்பி வரவில்லை. அடுத்து வருகிற வண்டுக்காவது வாசல் திறந்திருக்கட்டும். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், தோட்டத்தில் மூங்கில் நறுக்கப் போகிறேன். யார் யார் வர்றீங்க?

— 9-ஆம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்