மணலின் நிறமும் கிணற்றுப் பதிவும்

கிணற்றுப் பதிவு என்றாலே கருவி வரைந்த வளைகோடுகள் என்று கொள்வது இன்றைய நீர்நிலவியல் கல்வியில் வழக்கமாகிவிட்டது. துளைக்குள் இறக்கப்படும் கருவி காமாக் கதிர்வீச்சையும் மின்தடைத்திறனையும் அளக்கிறது. களிமண் படுகையில் காமா உயரும், மின்தடை தாழும். நன்னீர் நிறைந்த மணலில் பெரும்பாலும் இது தலைகீழாக அமையும். உவர்நீர் கொண்ட மணலும் களிமண்ணைப் போலவே தாழ்ந்த மின்தடை காட்டும். அங்கே இரண்டையும் பிரித்தறியக் காமாக் கோடு உதவும். நீர்த்தாங்கி எவ்வளவு ஆழத்தில் தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு இக்கோடுகள் நல்ல சான்று. ஆயினும் அந்நீரைக் குடிக்கலாமா என்ற வினாவுக்கு அவை முழு விடை தருவதில்லை.

வங்கப் படுகை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. மேற்கு வங்கத்தில் குழாய்க்கிணற்று நீரால் நேர்ந்த ஆர்சனிக் நஞ்சேற்றம் 1983இல் அறியப்பட்டது. அங்குள்ள ஆழங்குறைந்த சாம்பல்நிற மணலில் கரிமப் பொருள் மிகுதி. அதை உண்ணும் நுண்ணுயிர்கள் இரும்பு ஆக்சைடைக் கரைக்க, அதில் ஒட்டியிருந்த ஆர்சனிக் நீரில் கலக்கிறது. பழுப்பு மணலிலோ இரும்பு ஆக்சைடு கரையாமல் நின்று ஆர்சனிக்கைப் பற்றிக்கொள்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல்மட்டம் ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, ஆறுகள் அரிக்காமல் விட்ட மேடுகளில் பழுப்பு மணல் களிமண் மூடியின் கீழ்த் தங்கியது. அரித்த பள்ளங்களைப் பின்னாளில் சாம்பல் மணல் நிரப்பியது. ஒரே ஊரில் ஒரு கிணறு நஞ்சாகவும் மற்றொன்று நலமாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காமாவும் மின்தடையும் இந்த நிறத்தைக் காண்பதில்லை. கிணறு துளைப்பவர் காண்கிறார். மூங்கில் சாரத்தில் அமர்ந்து, குழாயின் வாயை உள்ளங்கையால் மூடியும் திறந்தும் துளைக்கும் முறையில், ஒவ்வோர் அடி ஆழத்தின் மணலும் சேற்றுநீரோடு அவர் கண்முன் வந்து விழுகிறது. வங்கதேசத்தின் மத்லப் பகுதியில், துளைப்போர் வழங்கும் கறுப்பு, வெள்ளை, மங்கல் வெள்ளை, சிவப்பு என்னும் நான்கு நிறப்பெயர்களை ஆய்வாளர்கள் நீர்ச் சோதனையோடு ஒப்பிட்டனர். கறுப்பு மணலில் ஆர்சனிக் மிகுதியாகவும் சிவப்பு மணலில் மிகக் குறைவாகவும் இருந்தது.

இத்தகைய அறிவு படிவத்தை எட்டும்போது ‘நுண்மணல்’, ‘நடுத்தர மணல்’ என்று சுருங்கிவிடுகிறது. துளைப்போரின் சொற்கள் ஊருக்கு ஊர் மாறும், ஆகவே அவை அறிவியல் பதிவுக்கு ஒவ்வா என்பர். மாறுவது உண்மையே. அதனால்தான் சொல்லைத் தரக் குறியீட்டோடு சேர்த்தே காக்கவேண்டும். மூலச்சொல் இருந்தால் அதிலிருந்து குறியீட்டை எப்போதும் வகுத்துக்கொள்ளலாம். குறியீடு மட்டும் எஞ்சினால் சொல்லை மீட்க வழியில்லை.

நிறம் நீர்ச் சோதனைக்கு மாற்றாகாது. பழுப்பு மணல் நீரில் மாங்கனீசு மிகுந்திருக்கலாம், மிகையாக இறைத்தால் நஞ்சுநீர் அப்பக்கம் நகரவும் கூடும். ஆனால் எங்கே துளைப்பது, எந்த ஆழத்தில் வடிகுழாயைப் பொருத்துவது என்ற முடிவு சோதனைக்கு முன்பே எடுக்கப்படுகிறது. அம்முடிவுக்கு நிறமே கைக்கெட்டிய சான்று.

மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் தேசிய நீர்த்தாங்கி வரைபடத் திட்டம் 2023இல் சுமார் 25 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பை நிறைவு செய்தது. இனி வேண்டுவது ஊரளவிலான நுணுக்கம். அதற்கு ஒவ்வொரு பதிவுப் படிவத்திலும் கூடுதலாக இரண்டு கட்டங்கள் போதும்: மணலின் நிறம், துளைப்பவர் தம் மொழியில் அதற்கு இட்ட பெயர்.