சோதிக்காத கருவியை நம்பி யாரும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது

கையடக்க கேஸ் டிடெக்டரின் தினச் சோதனை, அளவுத்திருத்தம் பற்றி மலேசியாவின் பத்து காஜா வட்டாரத் தொழிலாளர்கள் சார்பில் வெளியிடப்படும் நிலைப்பாட்டு அறிக்கை

எங்கள் நிலைப்பாடு

செம்பனை ஆலையோ, ரப்பர் தொழிற்சாலையோ, கழிவுநீர்த் தொட்டியோ, மூடிய இடத்துக்குள் ஆள் இறங்கும் ஒவ்வொரு நாளும் கேஸ் டிடெக்டருக்குச் சோதனை வாயு காட்டி, அது சரியாக எச்சரிக்கிறதா என்று பார்த்த பிறகே வேலை தொடங்க வேண்டும். கருவியின் முதுகில் ஒட்டிய அளவுத்திருத்த ஸ்டிக்கரை இதற்கு ஈடாக ஏற்க முடியாது. சோதனையில் தேறாத கருவியை அளவுத்திருத்தம் செய்யும்வரை ஒதுக்கி வைக்க வேண்டும். வேறு கருவி இல்லையென்றால் அன்று அந்த வேலை நடக்கக் கூடாது.

இந்த வட்டாரத்தில் ஏன் இது முக்கியம்

பத்து காஜா அமைந்துள்ள கிந்தா மாவட்டத்தின் ஈய லம்பங்கள் (சுரங்கங்கள்) பெரும்பாலும் ஓய்ந்துவிட்டன. பால்மரம் நின்ற நிலம் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. செம்பனை ஆலையின் கழிவுநீர் காற்றில்லாமல் புளிக்கும்போது மீத்தேனும் கரியமில வாயுவும் கிளம்புகின்றன. கூடவே ஹைட்ரஜன் சல்பைடும் வருகிறது. கந்தக அமிலம் பயன்படுத்தும் ரப்பர் தொழிற்சாலைகளின் கழிவுக் குளங்களிலும் இதே நச்சு வாயு உருவாகும். சேறு அள்ளவும் குழாய் அடைப்பு எடுக்கவும் இறங்குவோர் பெரும்பாலும் குத்தகையாளர் கொண்டுவரும் ஆட்கள். கருவி யாருடையது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டைபோல நாறும். 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டும்போது மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாமல் போகும். இன்னும் கூடினால் சில மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார். மூக்கை நம்ப முடியாத இடத்தில் கருவி ஒன்றுதான் துணை. அந்தக் கருவியும் பழுதாகியிருந்தால்?

ஸ்டிக்கர் ஏன் போதாது

சுத்தமான காற்றில் நல்ல எரிவாயு சென்சாரும் நச்சு வாயு சென்சாரும் பூஜ்யம் காட்டும். செத்துப்போன சென்சாரும் பூஜ்யம்தான் காட்டும். திரையைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய வழியில்லை. வாயு காட்டினால் மட்டுமே வித்தியாசம் வெளிப்படும்.

எரிவாயுவை அளக்கும் சென்சாரை சிலிக்கோன் ஸ்பிரே சத்தமில்லாமல் கெடுத்துவிடும். நச்சு வாயு சென்சார்கள் நாளடைவில் உணர்திறனை இழக்கும். கீழே விழுந்தாலும் நனைந்தாலும் வடிகட்டியில் சேறு அடைத்தாலும் அளவு மாறும். நேற்று அளவுத்திருத்தம் செய்த கருவிக்கும் இன்று காலை இது நேரலாம்.

தினச் சோதனை, அளவுத்திருத்தம் ஆகிய இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. பம்ப் டெஸ்ட் (bump test) எனப்படும் தினச் சோதனையில், சிலிண்டரிலிருந்து அளவு தெரிந்த வாயுவைக் கொடுத்து எல்லா சென்சாரும் விழிக்கின்றனவா, ஒலியும் ஒளியும் அதிர்வும் வருகின்றனவா என்று பார்க்கிறோம். அளவுத்திருத்தம் என்பது கருவி காட்டும் எண்ணை சிலிண்டரில் எழுதிய எண்ணுக்குச் சரிசெய்வது. அதைத் தயாரிப்பாளர் சொன்ன கால இடைவெளியிலும், தினச் சோதனையில் தவறும்போதும், கருவி விழுந்தாலோ நனைந்தாலோ அப்போதும் செய்ய வேண்டும்.

இன்று நடக்கும் தவறுகள்

சிகரெட் லைட்டரின் கேஸைக் காட்டி "கருவி கத்துகிறது, சரி" என்பது சோதனை ஆகாது. அளவு மீறிய அந்த வாயு எரிவாயு சென்சாரையே கெடுக்கலாம். ஹைட்ரஜன் சல்பைடு சென்சாரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. வாயால் ஊதிப் பார்ப்பதும் சோதனை ஆகாது.

ஓடும் லோரியின் புகைக்குழாய் அருகே கருவியைப் பூஜ்யமாக்குவது அதைவிட மோசம். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடையே கருவி சுத்தக் காற்று என்று எடுத்துக்கொள்ளும். பிறகு தொட்டிக்குள் உண்மையைவிடக் குறைவான எண்ணைக் காட்டும்.

காலாவதியான சிலிண்டரும், ஹைட்ரஜன் சல்பைடை உறிஞ்சிக்கொள்ளும் தவறான குழாயும் சோதனையைப் பொய்யாக்கும்.

வழக்கமான நான்கு வாயு கருவி ஆக்சிஜன், எரிவாயு, கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரஜன் சல்பைடு ஆகியவற்றை மட்டுமே அறியும். ரப்பர் பாலைப் பதப்படுத்தும் அமோனியாவுக்கும், புளிக்கும் தொட்டியின் கரியமில வாயுவுக்கும் தனி சென்சார் வேண்டும்.

இறங்குமுன் அளப்பது எப்படி

வெளியே நின்று, குழாய் விட்டு, மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் அளக்க வேண்டும். மீத்தேன் காற்றைவிட இலேசானது, மேலே நிற்கும். ஹைட்ரஜன் சல்பைடு கனமானது, அடியில் தங்கும். குழாய் வழியே காற்று வந்து சேர்ந்து, எண் ஒரு நிலைக்கு வரும்வரை ஒவ்வொரு மட்டத்திலும் காத்திருக்க வேண்டும்.

முதலில் ஆக்சிஜன் எண்ணைப் பாருங்கள். அது 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஆக்சிஜன் மிகக் குறைந்த இடத்தில் வழக்கமான எரிவாயு சென்சார் சரியாக வேலை செய்யாது. அங்கே அது காட்டும் பூஜ்யத்தை நம்பக் கூடாது. அடுத்து எரிவாயு: வெடிக்கும் கீழ்வரம்பில் 10 விழுக்காட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். மீத்தேனுக்கு அந்த 10 விழுக்காடு என்பது காற்றில் அரை விழுக்காடு. ஹைட்ரஜன் சல்பைடு 10 பிபிஎம்முக்கும், கார்பன் மோனாக்சைடு 25 பிபிஎம்முக்கும் மேல் போகக் கூடாது. சேற்றைக் கிளறும்போது அடைபட்ட வாயு புதிதாக வெளிவரும் என்பதால், வேலை முடியும்வரை கருவி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

"நேரமும் காசும் வீண்"

தினச் சோதனைக்கு ஆகும் நேரம் பெரும்பாலும் ஓரிரு நிமிடம். சிலிண்டருக்குச் செலவு உண்டு, மறுக்கவில்லை. சிறு குத்தகையாளருக்கு அது பாரம் என்றால், வேலை கொடுக்கும் ஆலையே சிலிண்டர் வைத்துக்கொண்டு வாசலில் சோதித்து அனுப்பட்டும். ஆனால் உயிரின் விலையையும் பாருங்கள்: தமிழ்நாடு உட்பட இந்தியா முழுவதும் கழிவுநீர்த் தொட்டிகளில் இறங்கியவர்களும், அவர்களைத் தூக்கப் போனவர்களும் அடுத்தடுத்து மாண்டிருக்கிறார்கள். அப்படி ஓர் உயிர் போனால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எந்த இழப்பீடும் ஆளைத் திருப்பிக் கொண்டுவருவதில்லை.

எங்கள் கோரிக்கைகள்

ஆலை நிர்வாகங்களுக்கு: தினச் சோதனையின் முடிவை, நேரத்தோடும் சோதித்தவர் கையெழுத்தோடும், நுழைவு அனுமதிச் சீட்டிலேயே பதிவு செய்யுங்கள். மூடிய இட வேலைக்கான 2010ஆம் ஆண்டு மலேசிய நடைமுறைக் கோவையின்படி தகுதி பெற்ற வாயு சோதனையாளரும், வெளியே காவல் நிற்பவரும் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள்.

குத்தகையாளர்களுக்கு: பயிற்சியைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியில் கொடுங்கள்.

தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்கு: ஆய்வுக்கு வரும்போது ஸ்டிக்கரோடு நிற்காமல், உங்கள் கண் முன்னே வாயு காட்டச் சொல்லுங்கள். 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் திருத்தம் முதலாளியின் பொதுக் கடமை மீறலுக்கான உச்ச அபராதத்தை 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்த்தியிருக்கிறது. குத்தகைக்கு வேலை கொடுப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்கிறது. அதை நடைமுறையில் காட்டுங்கள்.

தொழிலாளத் தோழர்களுக்கு: உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி, முதலாளியிடம் சொல்லியும் அவர் எதுவும் செய்யாவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகும் உரிமையை அதே திருத்தம் உங்களுக்குத் தருகிறது. இறங்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்றைக்கு இந்தக் கருவிக்கு வாயு காட்டினீர்களா?" தெளிவான பதில் வரும்வரை மேலேயே நில்லுங்கள். உள்ளே யாராவது விழுந்துவிட்டால், மூச்சுக் கருவி இல்லாமல் பின்னால் குதிக்காதீர்கள், 999ஐ அழையுங்கள்.