காதலும் ஜெபமும்

சிங்கப்பெருமாள் கோவில் என்றதும் குன்றைக் குடைந்த கோவிலும், நெற்றிக் கண்ணோடு வீற்றிருக்கும் நரசிம்மரும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ரெயிலை விட்டு இறங்கி ஒரகடம் சாலையில் திரும்பினால் வேறோர் உலகம். மோட்டார், லாரி, டயர் என்று ஸ்ரீபெரும்புதூர் வரையில் தொழிற்சாலைகள். அவற்றை நம்பித் தென் ஜில்லாக்களிலிருந்து வந்து, விடுதிகளில் தங்கி வேலை செய்யும் யுவதிகள் ஏராளம். அவர்களில் வேதக்காரப் பெண்களும் உண்டு. அப்படிப்பட்டவளின் பெட்டியில் ஒரு பைபிள் இருக்கும். கையில் கைபேசி இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு காதல் கதைக்கும் எப்படியாவது இடம் இருக்கும்.

அந்தக் கதை எப்படிப்பட்டதாக இருக்க வேண்டும்? இதைக் கேட்டுச் சிரிப்பதற்கில்லை. பத்தொன்பது வயதில் முதல் சம்பளம் வாங்குகிறவள், முதன்முதலாகத் தன் மனத்தையும் தானே விசாரித்துக் கொள்கிறாள். பக்கத்தில் நின்று வேலை செய்கிற பையன் வேறு ஜில்லாக்காரன். வேறு ஜாதியாகவும் இருக்கலாம். ஒரே வேதமாக இருந்தும் வேறு சபையாக இருக்கலாம். என்றாவது ஒரு நாள் ஊருக்குப் போன் பேசி, அம்மாவிடம் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அவளுக்குக் கதை என்பது பொழுதுபோக்கு மட்டுமா?

அமெரிக்காவில் பக்திக் காதல் நாவல் என்பது பெரிய வியாபாரம். 1979இல் ஜேனட் ஓக் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' அதற்கு வழி காட்டிய புத்தகம். குடியேறப் போன இடத்தில் கணவனை இழந்த கர்ப்பிணிப் பெண், சிறு குழந்தையோடு தவிக்கும் ஒருவனை ஒப்பந்தம்போல் மணந்து, பிறகு மெல்ல மெல்ல அவனை நேசிக்கிறாள். அருமையான, அடக்கமான கதை. அதைப் பார்த்து எழுதப்பட்டவைதாம் சங்கடம். கதாநாயகி அழுவாள், ஜெபிப்பாள், மழை பெய்யும், மணி அடிக்கும், மாப்பிள்ளை வந்து நிற்பான். ஆபாசம் இல்லை என்பது பெரிய குணந்தான், மறுப்பதற்கில்லை. தாயார் தைரியமாகப் பெண்ணின் கையில் கொடுக்கலாம். ஆனால் இந்த ஆசிரியர்கள் கடவுளைக் கல்யாணத் தரகராக்கி விடுகிறார்களே! பக்தி இருந்தால் பையன் கிடைப்பான் என்று படித்தவள், பையன் கிடைக்காதபோது பக்தியை என்ன செய்வாள்?

பிரான்சீன் ரிவர்ஸின் 'ரிடீமிங் லவ்' (1991) இந்தக் கூட்டத்தில் சேராது. தவறிய மனைவியை மீண்டும் மீண்டும் ஏற்றுக்கொண்ட ஓசியா தீர்க்கதரிசியின் கதையைக் கலிபோர்னியாவில் தங்கம் தேடிய காலத்துக்குக் கொண்டு போகிறார். அதில் நேசிப்பது சுலபமான காரியமாக இல்லை.

அங்கேதான் சூட்சுமம் இருக்கிறது. விசுவாசம் காதலுக்குக் குறுக்குவழி போட்டுக் கொடுத்தால் கதை சப்பென்று ஆகிவிடும். காதலைக் கஷ்டமாக்கினால் கதை நிமிர்ந்து உட்காரும். 1847இல் வெளியான 'ஜேன் அயர்' நாவலைப் பாருங்கள். உயிருக்கு உயிராக நேசித்தவனுக்கு முன்பே மனைவி உண்டு என்று தெரிந்ததும், அந்த ஏழைப் பெண் விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் வெளியேறி விடுகிறாள். பிறகு ஒரு பாதிரியார், இந்தியாவில் ஊழியம் செய்யத் தனக்குத் துணையாக வரும்படி கேட்கிறார். அன்பில்லாத விவாகம் தெய்வ காரியத்துக்கானாலும் வேண்டாம் என்று அவரையும் மறுத்து விடுகிறாள்! இரண்டு மறுப்புக்கும் அவள் மனச்சாட்சிதான் காரணம். பாதிரியார் இந்தியாவுக்குத் தனியாகவே வந்து சேருகிறார்.

தமிழ்நாட்டில் இந்த வகை இல்லையோ என்று ஏங்க வேண்டியதில்லை. தமிழின் முதல் நாவலான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்ட மாயூரம் வேதநாயகம் பிள்ளையே கத்தோலிக்கர். அவருடைய ஞானாம்பாள் புத்தியிலும் தைரியத்திலும் கணவனை மிஞ்சியவள். ஆண் வேஷம் பூண்டு ராஜ்யம் ஆண்டவள். ஆசிரியர் அவளை மதம் மாற்றவில்லை. அந்தப் பெருந்தன்மைக்கே புத்தகத்தைப் படிக்கலாம். சென்னையில் வாழ்ந்து 1894இல் இளம் வயதிலேயே மறைந்த கிருபாபாய் சத்தியநாதனோ நேராகவே எழுதினார். ஆங்கிலத்தில் அவர் எழுதிய 'சகுணா', படிப்புக்கு ஏங்கும் ஓர் இந்தியக் கிறிஸ்தவப் பெண்ணின் கதை. வெள்ளைக்கார மிஷனரி மாதர்களின் மிடுக்கைக்கூட அவர் சும்மா விடவில்லை.

யாழ்ப்பாணத்தில் 1914இல் மங்களநாயகம் தம்பையா எழுதிய 'நொறுங்குண்ட இருதயம்' சங்கீதப் புத்தகத்திலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட நாவல். கல்யாணம் ஆன பிறகு பெண் படும் பாட்டை ஒரு பெண்ணே சொன்ன ஆரம்ப காலத் தமிழ் நாவல்களில் ஒன்று. கதாநாயகியின் பொறுமை இந்தக் காலத்து வாசகிக்கு எரிச்சலூட்டலாம். எரிச்சல் வரட்டுமே, அதிலும் தவறில்லை.

இவை எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்து, 1964இல் வெளிவந்த ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' நாவலை மறு தட்டில் வைத்தால், தராசு எந்தப் பக்கம் சாயும் என்பதில் ஐயமில்லை. குமரி ஜில்லாவின் பனங்காட்டுக் கிராமம் ஒன்று. பழைய பெருமையும் இடிகிற சுவர்களுமாக ஒரு வீடு. லிஸி அந்த வீட்டுப் பெண். பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் வைத்து விடுகிறார்கள். அவள் மனம் பனையேறியின் மகன் தங்கராஜிடம் போகிறது. தடையாக நிற்பது வேதமல்ல, அந்தஸ்து. மரத்துக்குச் சொந்தக்காரர் வீட்டுப் பெண், மரம் ஏறுகிறவன் மகனைக் கட்டலாமா? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எல்லோரும் ஒரே பிதாவின் பிள்ளைகள். திங்கட்கிழமை விளையில் முதலாளி வேறு, பனையேறி வேறு. இதை ஆசிரியை எங்கும் பிரசங்கமாகச் சொல்லவில்லை. அக்கானிக் காலத்தையும் அடுக்களையையும் காட்டிக்கொண்டே போகிறார், வாசகருக்கே உறைக்கிறது.

லிஸி வீராவேசம் பேசுகிறவள் அல்ல. ஓடிப் போகவும் இல்லை. மனத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை. காத்திருக்கிறாள். நடுவே அந்த வீட்டின் மேல் இடி விழுகிறது. முடிவை இங்கே சொல்லிவிட்டால் நேயர்கள் கோபிப்பார்கள். அவளுடைய ஜெபங்களுக்கு உடனுக்குடன் பதில் வரவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். ஓக் அம்மையாரின் வழியில் வந்தவர்கள் இந்த இடத்தில் மழையைக் கொட்டியிருப்பார்கள்.

பாமாவின் 'கருக்கு' (1992) இன்னும் கசப்பானது. கன்னியர் மடத்துக்குள்ளேயும் ஜாதியைக் கண்டு வெளியே வந்த ஒரு பெண்ணின் சொந்தக் கதை; காதல் கதையே அல்ல. ஆனாலும் விசுவாசம் பற்றிப் பேசும் எந்தப் பட்டியலிலும் அதற்கு இடம் உண்டு.

சபையின் குறைகளைச் சொல்லும் நாவல்களை வயசுப் பெண்களிடம் கொடுக்கலாமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். பைபிளையே கொடுக்கிறார்களே! அதில் ரூத்தின் புத்தகம் இருக்கிறது. பிழைக்க வந்த தேசத்தில் அந்நிய ஜாதிப் பெண், வாற்கோதுமை வயலில் கதிர் பொறுக்குகிறாள். வயலுக்குச் சொந்தக்காரரான போவாஸ், வேலையாட்கள் அவளைத் தொடக்கூடாது என்று முதலில் உத்தரவு போடுகிறார். கல்யாணமெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒரகடத்துப் பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான காதல் கதையை யார் எழுதிக் கொடுக்கப் போகிறார்கள்?

'புத்தம் வீடு' காலச்சுவடு பதிப்பாகக் கிடைக்கிறது. சிறிய புத்தகம், இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடித்து விடலாம். குமரித் தமிழ் வடக்கத்திப் பெண்களுக்கு முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். விடுதியில் நாகர்கோவில்காரி எவளாவது இல்லாமலா போவாள்? அவளிடம் கேட்டுக்கொள்ளலாம்.