கைப்பிள்ளையோடு கொழும்புக்குப் போகும் தாய்க்கு வழியில் ஓர் இடம்



எமது ஊரில் ஒரு தாய் மூன்று மாதப் பிள்ளையோடு கொழும்புக்குப் புறப்பட்டால், அவள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: "இந்தப் பச்சப் புள்ளயத் தூக்கிக்கிட்டு இப்ப என்னத்துக்கு கொழும்புக்கு?" உம்மம்மா கேட்பா, மாமி கேட்பா, பக்கத்து வீட்டு ராத்தா கேட்பா. பஸ்ஸில் ஏறினால் முன் சீட்டில் இருக்கும் முன்பின் தெரியாத நானாவும் கேட்பார். "வழியில எங்க வெச்சுப் பால் குடுப்பீங்க, எங்க உடுப்பு மாத்துவீங்க?" என்று கேட்பவர்கள் குறைவு. இந்தப் பதிவு அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியது.

முதலில் யார் போகிறார்கள் என்று பார்ப்போம். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, காத்தான்குடி, ஏறாவூர் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு முதல் கொழும்புப் பயணம் காலிமுகத்திடலுக்கோ தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கோ அல்ல. பொரளையில் இருக்கும் சிறுவர் வைத்தியசாலைக்குத்தான். இருதயத்தில் சத்தம் கேட்கிறது, கண்ணைப் பெரிய டொக்டரிடம் காட்ட வேண்டும் என்று இங்கே துண்டு எழுதிக் கொடுப்பார்கள். இன்னும் சில பிள்ளைகளின் முதல் பயணம் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு. கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்யும் வாப்பா, பிள்ளையின் முகத்தை முதன்முதல் நேரில் பார்க்கப் போகிறார். இந்தத் தாய்மாரிடம் "வீட்டில் இருங்கள்" என்று சொல்ல எமக்கு என்ன உரிமை இருக்கிறது?

இனி அந்தப் பயணத்தைப் பார்ப்போம். இரவு பஸ்ஸில் எட்டு ஒன்பது மணித்தியாலம். ஆரம்ப மாதங்களில் பிள்ளை இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால் கேட்கும். ஆகவே ஒரு இரவில் மூன்று நான்கு தடவையாவது கொடுக்க வேண்டும். பக்கத்து சீட்டில் யாரோ ஒரு ஆண். பஸ்ஸில் லைட் எரிகிறது. தாய் கூச்சத்தில் ஒரு நேரத்தைத் தள்ளிப் போடுகிறாள். பிள்ளை அழுகிறது. பின்னால் இருந்து ஒருவர் "பிள்ளையப் பாருங்கம்மா" என்கிறார். தேத்தண்ணிக்கு நிற்பாட்டும் இடத்தில் இருக்கும் மலசலகூடத்துக்குள் பிள்ளையோடு காலை வைக்க முடியாது. அதற்குப் பயந்தே பல தாய்மார் புறப்படும் நேரத்திலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பால் கொடுக்கும் உடம்புக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று தாய்மாருக்குத் தெரியும்.

இதற்குப் பயந்து சில குடும்பங்கள் பயணத்துக்கென்று பால்மா டின்னும் போத்தலும் வாங்குகின்றன. ஆறு மாதம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் என்று எமது குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு வீடாக வந்து சொல்லிக்கொண்டிருக்க, நாம் ஒரு பஸ் பயணத்துக்காக அதை முறிக்கிறோம். ஓடும் பஸ்ஸில் போத்தலைக் கழுவ வழியில்லை. பிளாஸ்கில் இருக்கும் தண்ணீர் எப்போது கொதித்தது என்றும் தெரியாது. அழுக்குப் போத்தலால் பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால், கிளினிக்குக்கு என்று போன பிள்ளையை வார்ட்டில் வைக்க வேண்டி வரும்.

விடியற்காலையில் புறக்கோட்டையில் இறங்கினால் கஷ்டம் கூடுகிறது. கடைகள் பூட்டு. கிளினிக் திறக்க இன்னும் சில மணித்தியாலம் இருக்கிறது. கூட வந்த ஆண்கள் பள்ளிவாசலுக்குப் போய் முகம் கழுவி, சுபஹ் தொழுது, கொஞ்சம் சாய்ந்தும் எழும்புகிறார்கள். தாய் பஸ் தரிப்பிடத்தில் பைகளுக்குக் காவல் இருக்கிறாள். மடியில் நனைந்த துணியோடு பிள்ளை. புறக்கோட்டையில் பள்ளிவாசல்களுக்குக் குறைவில்லை. எமது ஆட்களின் கடைகளுக்கும் குறைவில்லை. இருந்தும் அவளுக்குக் கதவை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் இருக்க ஓர் இடம் கிடைப்பது பாடாக இருக்கிறது.

தொழுகையை நீட்ட நினைத்து நின்ற நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள், பிள்ளையின் அழுகுரல் கேட்டதும் தாயின் மனவேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என்று ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. நாம் இதை ஜும்ஆவில் பல தடவை கேட்டிருக்கிறோம். அந்தப் பள்ளிவாசலில் பிள்ளையோடு தாய்மார் இருந்தார்கள் என்பதும் அதே செய்தியில்தான் இருக்கிறது. அதைக் கவனித்தோமா?

ஆகவே பள்ளிவாசல் நிர்வாகங்களிடம் எமது கோரிக்கை பெரியதல்ல. ஓட்டமாவடி, கதுருவெல, கலேவெல, குருநாகல், கொழும்பு என்று நாம் போகும் பாதை நெடுக முஸ்லிம்கள் வாழ்கிறார்கள். பெண்கள் தொழும் பகுதி உள்ள பள்ளிவாசல்கள், அதன் கதவை சுபஹ் நேரத்திலும் பயணிகளுக்காகத் திறந்து வையுங்கள். அந்தப் பகுதி இல்லாத இடத்தில் ஒரு சின்ன அறை போதும். ஒரு கதிரை, ஒரு மின்விசிறி, உள்ளே பூட்டும் கொக்கி, பிள்ளையைக் கிடத்த ஒரு மேசை, மூடியுள்ள ஒரு குப்பை வாளி, பக்கத்தில் தண்ணீர்க் குழாய். வெளியே தமிழிலும் சிங்களத்திலும் ஒரு போர்ட். மினாராவுக்கும் ஏசிக்கும் சேர்க்கும் பணத்தோடு பார்த்தால் இது எத்தனை சொற்பம்? இதுவும் ஸதகா ஜாரியாதான். எந்த இனத்துத் தாய் வந்தாலும் திறந்துவிடுங்கள். பசித்த பிள்ளைக்கு இனம் தெரியாது.

கடை முதலாளிமாருக்கும் ஒரு வார்த்தை. பெருநாள் புடவை எடுக்க வரும் கூட்டத்தில் பெரும்பகுதி பெண்கள். உடுப்புப் போட்டுப் பார்க்கும் அறைகளில் ஒன்றில் ஒரு கதிரை போட்டு, "தாய்மாருக்கு" என்று எழுதி ஒட்டுங்கள். பஸ் வைத்திருக்கும் சகோதரர்களே, கைப்பிள்ளையோடு வரும் தாய்க்குப் பெண்ணொருவரின் பக்கத்தில் சீட் கொடுக்கச் சொல்லுங்கள். மலசலகூடம் சுத்தமாக இருக்கும் ஹோட்டலில் நிற்பாட்டச் சொல்லுங்கள். இதற்கெல்லாம் காசு தேவையில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாற்பது கழியாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பெருநாளுக்கு முந்திய கிழமை புறக்கோட்டை நெரிசலுக்குள் சாமான் வாங்கப் போவது தேவையில்லாத வேலை. அந்தப் பயணத்தைத் தள்ளிப் போடலாம். தள்ளிப் போட முடியாத பயணத்தைக் குடும்பம் சேர்ந்து இலேசாக்கலாம்.

இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் தடுப்பூசி இருக்கிறது. ஊசி போட்ட அன்றும் மறுநாளும் சில பிள்ளைகளுக்குக் காய்ச்சல் காயும். பயணத்தை அந்த நாட்களில் வைக்க வேண்டாம். பிள்ளையின் கிளினிக் கொப்பி கையில் இருக்கட்டும், கொழும்பில் எந்த டொக்டரும் முதலில் கேட்பது அதைத்தான். மட்டக்களப்பிலிருந்து ரயில் கிடைத்தால், பகல் ரயில் பல தாய்மாருக்கு இரவு பஸ்ஸை விட இலேசு. எழும்பி நிற்கலாம், பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கலாம். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும், ஆகவே பகல் தூக்கத்துக்கும் வலை வேண்டும்.

மாளிகாவத்தையிலோ தெமட்டகொடையிலோ சொந்தக்காரர் வீட்டில் தங்கினால், வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்ச ஆசைப்படுவார்கள். இருமல், தடிமல் உள்ளவர்கள் தள்ளி நிற்கட்டும். மற்றவர்கள் கை கழுவிவிட்டுத் தூக்கட்டும். இதைச் சொல்லும் பொறுப்பை மருமகளின் தலையில் போடாமல் மாமியே முன்வந்து சொன்னால் யாருக்கும் கோபம் வராது.

வாப்பாமாரே, பை தூக்குவதோடு உங்கள் வேலை முடியவில்லை. சுபஹுக்குப் பள்ளிவாசலுக்குப் போனால் உங்கள் முகத்தைக் கழுவ முதல், "பெண்களுக்கு இடம் இருக்கா?" என்று முஅத்தினிடம் கேளுங்கள். இல்லையென்றால் நிர்வாகத்தின் நம்பரை வாங்கி வாருங்கள். நாலு பேர் கேட்டால் ஐந்தாவது ஆள் போகும்போது இடம் இருக்கும்.

இந்தப் பதிவின் கீழே ஒரு வேலை செய்வோம். எமது ஊரிலிருந்து கொழும்பு வரை, கைப்பிள்ளையோடு ஒரு தாய் இறங்கி இருக்கக்கூடிய பள்ளிவாசல், கடை, ஹோட்டல் எது உங்களுக்குத் தெரியுமோ அதை ஊர் பெயரோடு எழுதுங்கள். எத்தனை மணிக்குத் திறக்கும், பெண்களுக்குத் தனி வாசல் உண்டா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக்கி, கிளினிக்குக்கு வரும் தாய்மாருக்குக் கொடுக்கும்படி எமது குடும்பநல உத்தியோகத்தர்களிடம் கேட்போம். பட்டியலில் வெறுமையாக இருக்கும் ஊர்களின் பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கு நாமே கடிதம் எழுதுவோம், இன்ஷா அல்லாஹ்.