மௌனமும் தேன்மொழியும்

கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடம், சிவஞானபோதம் அருளிய மெய்கண்டார் அவதரித்த ஊர். அவர்தம் தந்தையாரின் குலகுருவாகிய அருணந்தி சிவாசாரியார், சகலாகம பண்டிதர் எனப் புகழ்பெற்றவர். திருவெண்ணெய்நல்லூரில் இளம்பிள்ளையாய் உபதேசித்திருந்த மெய்கண்டாரிடம் சென்று, ஆணவத்தின் வடிவம் யாது என வினவினார். பிள்ளையார் வாய்திறவாது அவரை ஏற இறங்க நோக்கினார். நின்று வினவும் தாமே அவ்வடிவம் என உணர்ந்து, பெரியவர் அடிபணிந்தார். மெய்யை உணர்த்த மௌனமே போதுமாயிற்று.

பொய்க்கோ இனிய பேச்சு வேண்டும். திருக்கோவலூரில் மெய்ப்பொருள் நாயனாரைப் போரில் வெல்ல இயலாத முத்தநாதன், திருநீறு பூசி அடியாராய் வந்தான். எங்கும் கிடையாத ஆகமம் தன்னிடம் உண்டென்றான். தனியிடத்திலேயே உரைப்பேன் என அரசியாரை அகலச் செய்தான். சுவடிக்கட்டினுள் இருந்தது வாள்!

அன்பர்களே! அதே தந்திரம் இன்று தொலைபேசியில் வருகிறது. தோஷ நிவர்த்திப் பூசை என்பர். காவல்துறை அதிகாரி என்பர். பிள்ளைகளிடம் சொல்லவேண்டா, உடனே பணம் அனுப்புக என்பர். தனிமையும் அவசரமும் வற்புறுத்தப்பெறும் இடத்தில் வாள் மறைந்துள்ளது என அறிக. பேச்சை நிறுத்தி வீட்டாரை அழையுங்கள். பணம் போயிருப்பின், தாமதியாது 1930 என்னும் எண்ணில் முறையிடுங்கள்.

ஏமாந்தோம் என நாணி மறைக்கவேண்டா. வேடத்தை வணங்கிய நாயனாரைப் பிழை சொல்வார் எவருமிலர், பழி முத்தநாதனுக்கே.