கரி வெட்டியோர் முன்னே நடந்தனர்!

"கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் போ, குடிதண்ணீர் கேட்டு ஊர்வலம் போ, ஆணை ஆண் விரும்புவதற்கும் பெண்ணைப் பெண் விரும்புவதற்கும் ஒரு ஊர்வலமா? அதிலே உழைப்பாளிக்கு என்ன வேலை?" என்று கேட்கிறார்கள், தோழர்களே! எதிர்முகாமிலே இருப்போர் மட்டுமல்ல, நம்மோடு தோள் சேர்ந்து கொடி பிடிப்போரிலும் சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். கேட்பது குற்றமல்ல. ஆனால் இதற்கான விடையைச் சுரங்கத் தொழிலாளி 1985-லேயே சொல்லிவிட்டான். வாயால் அல்ல, காலால் நடந்து சொன்னான்!

1984 மார்ச். பிரிட்டனிலே மார்கரெட் தாட்சர் ஆட்சி. 20 சுரங்கங்களை மூடப்போகிறோம், 20,000 பேருக்கு இனி வேலை இல்லை என்றது நிலக்கரி வாரியம். பொங்கி எழுந்தான் தொழிலாளி. ஒரு நாள் அடையாள வேலைநிறுத்தமா? இல்லை. ஓராண்டுப் போர்! கோடை போயிற்று, குளிர் வந்தது, உலகத்துக்கே கரி வெட்டித் தந்தவன் வீட்டு அடுப்பிலே கரி இல்லை. வேலைநிறுத்த காலத்துக்குச் சங்கம் படிப்பணம் கொடுக்கவில்லை. அரசு என்ன செய்தது தெரியுமா? சங்கம் கொடுக்காத பணத்தைக் கொடுத்ததாகக் கணக்கெழுதி, தொழிலாளியின் பெண்டு பிள்ளைகளுக்குச் சேரவேண்டிய உதவித்தொகையிலே கழித்துக்கொண்டது! கணக்குப்பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்தான். போதாக்குறைக்கு, நீதிமன்றம் சங்கத்தின் நிதியையும் முடக்கியது.

சங்கத்தின் பெயருக்குப் பணம் அனுப்பினால் அது போய்ச் சேராது. ஆகவே, உதவ நினைத்தவர்கள் ஆளுக்கொரு சுரங்க ஊரைத் தேர்ந்தெடுத்து, நேராக அந்த ஊர்க் குடும்பங்களுக்கே அனுப்பினார்கள். அப்படி உதவக் கிளம்பியவர்களிலே ஒரு சிறு கூட்டம், லண்டன் மாநகரத்துத் தன்பால் விருப்பினர். அந்த ஆண்டு ஜூன் மாதம் அவர்களுடைய பெருமித ஊர்வலம் நடந்தபோது, மார்க் ஆஷ்டன், மைக் ஜாக்சன் என்ற இரு இளைஞர்கள் வாளியை ஏந்தி, "சுரங்கத் தொழிலாளிக்குத் தாருங்கள்" என்று வசூல் செய்தார்கள். அதிலிருந்து பிறந்தது ஒரு ஆதரவுக் குழு. அவர்கள் கூடிய இடங்களிலே ஒன்று ஒரு புத்தகக் கடை. அதே ஆண்டு ஏப்ரலில் சுங்க அதிகாரிகள் புகுந்து புத்தகங்களை அள்ளிச் சென்ற கடை அது! தன் கடையிலே சோதனை, தன் தலைமேலே வழக்கு. ஆனாலும் வாளி நீட்டியது அடுத்தவன் அடுப்புக்காக!

அந்த மக்களின் நிலை என்ன அப்போது? 1967-இல்தான் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சட்டம் சற்றே இளகியது. அதுவும் 21 வயதைத் தாண்டிய ஆண்களுக்கு, நாலு சுவருக்குள்ளே மட்டும். கல்யாணமா, வேலைப் பாதுகாப்பா, பேச்சே இல்லை.

குழு தேர்ந்தெடுத்தது தென் வேல்ஸின் டுலைஸ் பள்ளத்தாக்கு. முரட்டுக் கைகள், தேவாலயத்துப் பழக்கவழக்கங்கள். "இவர்கள் பணம் நமக்கெதற்கு?" என்று கேட்டிருக்கலாமல்லவா? கேட்கவில்லை! 1984 இலையுதிர் காலத்திலே லண்டன்காரர்களைத் தங்கள் ஊருக்கே அழைத்து, மன்றத்திலே வரவேற்று, வீட்டிலே படுக்க இடம் கொடுத்தார்கள். ஏசுவோர் வீசிய இழிசொல்லையே தலைப்பாக்கி, "குழிகளும் கோணல் பிறவிகளும்" என்று பொருள்படும் பெயரிலே டிசம்பர் 10-ஆம் நாள் லண்டன் கேம்டனில் நிதி திரட்ட ஒரு இசை நிகழ்ச்சி நடந்தது. பிராங்ஸ்கி பீட் குழு பாடியது. சுரங்கத்தார் சார்பிலே மேடை ஏறிய டேவிட் டோனோவன், எங்கள் சின்னத்தை நீங்கள் அணிந்தீர்கள், இனி உங்கள் சின்னத்தை நாங்கள் அணிவோம் என்ற கருத்துப்படப் பேசினார். மேடைப் பேச்சுதானே என்று நினைப்போம் நாம். நமக்கு மேடை தெரியும். மேடையிலே சொன்னது மறுநாள் காலையிலே எத்தனை தரம் மறந்துபோகிறது என்பதும் தெரியும்!

1985 மார்ச்சில் வேலைநிறுத்தம் தோற்றது. தோற்றது என்றே சொல்கிறேன், மூடி மறைப்பானேன்? கேட்டது கிடைக்காமலே தொழிலாளி வேலைக்குத் திரும்பினான். இனி வாளி தேவையில்லை, வசூல் தேவையில்லை. உதவி வாங்கியவன் ஒதுங்கிக்கொள்ளத் தோதான வேளை, தோழர்களே! கடன் பட்டு, களைத்து, தலை குனிந்திருந்த அந்த வேளையிலே, ஜூன் 29 அன்று, தென் வேல்ஸிலிருந்து புறப்பட்டு வந்தார்கள் சுரங்கத்தார். ஆணும் பெண்ணும் வந்தார்கள். பிளேனன்ட் சுரங்கக் கிளையின் பதாகையோடு வந்தார்கள். சங்கப் பதாகை என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? அப்பன் பிடித்தது, மகன் பிடிப்பது. அதை உயர்த்திப் பிடித்து, லண்டன் பெருமித ஊர்வலத்தின் தலைவரிசையிலே நடந்தார்கள், நண்பர்களோடு.

நடந்ததோடு நின்றதா? அதே ஆண்டு போர்ன்மத் நகரிலே தொழிற்கட்சி மாநாடு. தன்பால் விருப்பினர் உரிமைத் தீர்மானம் வந்தது. அங்கே சங்கம் ஒன்று கை தூக்கினால் அதன் உறுப்பினர் அத்தனை பேர் வாக்கும் மொத்தமாக விழும். சுரங்கச் சங்கத்தின் மொத்த வாக்கும் ஆதரவாக விழுந்தது. தீர்மானம் நிறைவேறியது. பல ஆண்டுகளாகக் கெஞ்சியும் கிடைக்காதது, ஒரு குளிர்காலச் சோற்றுக் கடனால் கிடைத்தது! 1988-இல் உள்ளாட்சி மன்றங்களின் வாயைக் கட்டும் 28-ஆம் பிரிவு வந்தபோதும் சுரங்கத்தார் அதை எதிர்த்தார்கள். அந்தப் பிரிவு ஒழிய 2003 ஆயிற்று. அதைக் காண மார்க் ஆஷ்டன் இல்லை. 1987-இலேயே, 26 வயதிலே, எய்ட்ஸ் நோயால் மாண்டான்.

"இதெல்லாம் சீமைச் சரக்கு" என்று இங்கே சிலர் முகம் சுளிக்கிறார்கள். சீமைச் சரக்கு எது? 1860-இல் வெள்ளையன் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவல்லவா சீமைச் சரக்கு! எழுதியவன் தன் வீட்டிலே 1967-இல் தளர்த்திக்கொண்டான். நாமோ 2018 செப்டம்பர் 6 வரை, உச்சநீதிமன்றம் அதன் பல்லைப் பிடுங்கும் வரை, பெட்டியிலே வைத்துப் பூசித்தோம். சென்னையிலே 2009 முதலே இந்த ஊர்வலம் நடக்கிறது. அதிலே வருவோரும் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைப்பவர்கள்தான். குட்டு வெளிப்பட்டால் வேலை போகும், வாடகை வீடு போகும் என்று அஞ்சுகிறவர்கள். அவர்களிலே நம் சங்கத்துக்குச் சந்தா கட்டுகிறவர் எத்தனை பேரோ! யாரிடம் சொல்வார்கள்? நம்மிடம் சொல்லத் துணிவார்களா?

பிளேனன்ட் சுரங்கம் 1990-இல் மூடப்பட்டது. 2015 டிசம்பரில் பிரிட்டனின் கடைசி ஆழ்சுரங்கமும் மூடியது. அந்த 2015 கோடையிலே, முப்பதாண்டு நிறைவு என்று லண்டன் ஊர்வலத்தின் முன்வரிசைக்குப் பழைய குழுவினரை அழைத்தார்கள் அமைப்பாளர்கள். தொழிற்சங்கங்களுக்கு மட்டும் முன்னே இடமில்லை, பின்னே வரட்டும் என்றார்கள். பெருங் கம்பெனிகள் பணம் கட்டி நடக்கும் காலமாகிவிட்டது அது. குழுவினர் முன்வரிசையை வேண்டாமென்று சொல்லிவிட்டு, பின்னே போய்ச் சங்கங்களோடு நடந்தார்கள்.