தேய்ந்த வளையம்

எமது பழைய லாண்ட் றோவர், மூன்றாங் கியருக்கு மாற்றும்போதெல்லாம் நறநறவென்று அரைத்தது. மகன் முரட்டுத்தனமாக ஓட்டுகிறான் என்று கடிந்துகொண்டே சுன்னாகத்திலுள்ள கராஜ் ஒன்றுக்குச் சென்றோம். கியர்ப் பெட்டியையே மாற்றிவிடலாம் என்பது மகனின் கட்சி. "கழற்றிப் பார்த்துச் சொல்லுகிறேன், ஐயா" என்றார் மெக்கானிக்.

வடித்த எண்ணெயிற் பொன்துகள் போல ஏதோ மின்னிற்று. 1948இல் அறிமுகமான இவ்வண்டியின் ஆரம்ப மாதிரிகளில், நான்கு கியர்களுள் மூன்றாவதற்கும் நான்காவதற்குமே வேகத்தைச் சமன்செய்யும் அமைப்பு உண்டு. எஃகுப் பற்கள் கூடுமுன் மென்மையான வெண்கல வளையம் உராய்ந்து, இரு பகுதிகளின் வேகத்தையும் ஒன்றாக்குகின்றது. பற்களைக் காத்துத் தான் தேய்வதே அதன் தொழில். எமது பெட்டியிற் பற்கள் பழுதின்றி இருந்தன; வளையங்களும் பேரிங்குகளுமே தேய்ந்திருந்தன. அவற்றை மட்டும் மாற்றினார்.

1990களிற் பொருளாதாரத் தடையால் உதிரிப்பாகங்கள் அருகியபோது, கழற்றிப் பாராமல் எதையுங் கழிக்கலாகாது என்பதைக் குடாநாட்டுக் கராஜ்கள் நன்கு கற்றன.

"வளையம் ஏன் தேய்ந்தது?" என்று கேட்டோம்.

"கிளச்சை முழுதும் மிதியாமல் அவசரமாகக் கியரைத் தள்ளும் பழக்கம், ஐயா. பல வருடத் தேய்வு இது."

மகன் ஓட்டத் தொடங்கி ஆறு மாதமே ஆகின்றது. அதற்குமுன் பதினைந்து ஆண்டுகள் ஓட்டியவர் நாமே. வீடு திரும்புகையில், கிளச்சை முழுதும் மிதித்தே கியரை மாற்றினோம். மகனிடம் மன்னிப்பும் கேட்டோம்.